செஞ்சிக்குக் கறுப்பு வெள்ளை வேண்டாம்

மார்கழி இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை, அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு செஞ்சிக்குப் போய் வந்தேன். கோட்டை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து ஆளாளுக்குப் போய் வந்து படமாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். எல்லாப் படமும் ஒரே படம்தான்: கல்யாண மஹால், மேலே நீல வானம், முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கும் ஒருவர். எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. டிக்கெட் கொடுக்கும் நடத்துநரின் விரல், கொய்யா நறுக்கும் கத்தி, கோட்டைப் படியில் செருப்பைக் கையில் பிடித்து இறங்கும் டீச்சர் என்று சாதாரணப் படங்களாக ஒருநாள் முழுக்க எடுக்க நினைத்தேன்.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் இரண்டு விதிகள் தெரியும். கேட்காமல் யாரையும் எடுக்க மாட்டேன். எடுத்த படத்தை அவர்களுக்குக் கொடுக்காமல் ஊரைவிட்டுக் கிளம்ப மாட்டேன். ரொம்ப நல்ல விதிகள் என்று எனக்கே என்மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. இந்த முறை அந்த இரண்டாவது விதி ஒரு குடும்பத்தையே கதிகலங்க அடித்துவிட்டது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன், போகிறவர்களுக்கு உதவும்.

கேமராவைப் பற்றிக் கேட்டு நாலு பேர் எழுதுவீர்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோப்பு டப்பா அளவில் ஒரு பழைய டிஜிட்டல் கேமரா. ஜூம் செய்தால் மூக்கை நீட்டும். போனில் இதைவிட நன்றாக விழும் என்று என் வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை சொல்வார், சொல்லட்டும். போனை நீட்டினால் ரீல்ஸ் எடுக்கிறோம் என்று சனம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இதை நீட்டினால் "இது இன்னும் வேலை செய்யுதா?" என்று கேட்டபடி பக்கத்தில் வருகிறார்கள். இதில் வைஃபை உண்டு. எடுத்த இடத்திலேயே என் போனுக்கு மாற்றி, அங்கிருந்து அவர்கள் வாட்ஸாப்புக்கு அனுப்பிவிடலாம்.

கிளாம்பாக்கத்தில் காலை ஐந்தரைக்கு திருவண்ணாமலை பஸ் ஏறினேன். செஞ்சிக்கு நூற்றுப் பதினைந்து ரூபாய். திண்டிவனத்தில் டீக்கு நிறுத்துவார்கள், அங்கிருந்து 28 கிலோமீட்டர். எட்டே முக்காலுக்கு செஞ்சி பேருந்து நிலையத்தில் இறங்கி, எதிரே இருந்த கடையில் இரண்டு இட்லி, ஒரு வடை, நாற்பது ரூபாய். கோட்டை இரண்டு கிலோமீட்டர்தான், நடக்கலாம். மலையேற வேண்டுமே என்று காலுக்குச் சலுகை கொடுத்து ஆட்டோ பிடித்தேன், எண்பது ரூபாய்.

ஆட்டோக்காரர் பெயர் ஏழுமலை. ஐம்பதைத் தாண்டியவர். பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு அதைவிடச் சத்தமாகப் பேசுகிறவர். "எறங்கசொல்ல வெள்ளரிக்கா சாப்பிடணும்னா வாசல்ல சேப்புக் கொட ஒண்ணு இருக்கும் மேடம். அதுங்கீழ எங்க வூட்டம்மாதான் ஒக்காந்திருக்கும். ஏழுமல சொன்னார்னு சொல்லுங்க, ஒரு துண்டு சேர்த்துக் குடுக்கும்" என்றார். மதியம் தளவானூர் குடைவரைக் கோயிலுக்கும் போகவேண்டும் என்றேன். போய்வர, காத்திருக்க, எல்லாம் சேர்த்து எழுநூறு என்று பேசிக்கொண்டோம். தளவானூர் என்றதும் அவர் பாட்டை அணைத்துவிட்டார். அப்போது எனக்கு ஏன் என்று தெரியவில்லை.

கோட்டைக்கு நுழைவுச்சீட்டு இருபத்தைந்து ரூபாய். கோட்டையின் பெரிய மலையான ராஜகிரிக்கு மதியத்துக்குமேல் ஏறவிட மாட்டார்கள், காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. பாதிவழியில் கமலக்கண்ணியம்மன் கோயில். அதுவரை நிழல் இருக்கிறது, மூச்சும் இருக்கிறது. அதற்குமேல் இரண்டும் குறைந்துகொண்டே போகும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு பிளவு, அதன்மேல் சின்னப் பாலம். ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் அதில் வரிசையாக நின்று கீழே எட்டிப் பார்ப்பதும் அலறுவதுமாக இருந்தது. மேலே ரங்கநாதர் கோயில், களஞ்சியம், காற்று. அந்தக் காற்றுக்காகவே ஏறலாம்.

குரங்குகளைப் பற்றிச் சொல்லாமல் செஞ்சியைப் பற்றி எழுத முடியாது. பையில் தின்பண்டம் இருப்பது நமக்கு மறந்துபோகும், அவற்றுக்கு மறக்காது. என் கண்ணெதிரே ஒரு டீச்சரின் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை ஒன்று உருவிக்கொண்டு போய் மதில்மேல் உட்கார்ந்து பூப்பூவாகத் தின்றது. அவரிடம் கேட்டுவிட்டு ஒரு படம் எடுத்தேன். "நல்லா எடுங்க, எங்க ஹெச்எம்முக்குக் காட்டணும்" என்றார். அன்றைய படங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

பன்னிரண்டேகாலுக்குக் கீழே வந்தேன். சிவப்புக் குடையின் கீழே ஏழுமலையின் மனைவி அஞ்சலை. முன்னால் வெள்ளரிக்காயும் கொய்யாவும் குவிந்திருந்தன, பக்கத்தில் மிளகாய்த்தூள் டப்பா. நான் கேமராவை எடுத்ததுமே, "இன்னாக்கா, பொம்மக் கேமராவா? எம்பொண்ணு சின்னதா இருக்கசொல்ல திருவிழால இப்டி ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். அமுக்குனா பாம்பு வரும்" என்று சிரித்தார். இதில் படம் வரும் என்றேன். "அப்ப என்னிய ஒண்ணு எடு. பேனருக்கு வேணும்."

இந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால் தெருமுனையில் பேனர் இல்லாமல் கிடையாது. நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். சுற்றிலும் அப்பா அம்மா, பெரியப்பா சித்தப்பா, நண்பர்கள். உச்சியில் தனியாக ஒரு வட்டம், அது தாய்மாமனுக்கு. அஞ்சலையின் மகள் சுகன்யா திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். தை பிறந்ததும் அவளுக்குக் கல்யாணம். பேனர் அடிப்பவர் அன்று மாலைக்குள் எல்லாப் படமும் வேண்டும் என்று சொல்லியிருந்தாராம்.

எடுத்தேன். குடைத்துணியின் சிவப்பு முகத்தில் இறங்கி, அஞ்சலை மிளகாய்த்தூளில் விழுந்து எழுந்தவர்போல வந்தார். வெளியே வந்து நில்லுங்கள் என்றால், குரங்கு வந்துவிடும் என்று வியாபாரத்தை விட்டு அசைய மறுத்தார். சரி என்று கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன். இன்னும் ஒரு தொல்லை, கேமராவைப் பார்த்தால் சிரிப்பை விழுங்கிவிடுவார். நேராகப் பார்த்து, உதட்டை மூடி, பின்னால் வெயில் தலையைச் சுற்றி வெள்ளையாக விழ, ஒரு படம் அமைந்தது. அருமையான படம். நானே எடுத்ததால் சொல்லவில்லை, நிஜமாகவே அருமை. சிவப்பில் இரண்டும் இதுவும் சேர்த்து சுகன்யாவின் எண்ணுக்கு அங்கேயே அனுப்பினேன். அஞ்சலையிடம் இருப்பது பட்டன் போன், அதையும் வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தார்.

அப்போது ஏழுமலை வந்து சேர்ந்தார். பேனரின் மாதிரியைத் தன் போனில் காட்டினார். உச்சியில் பெரிய வட்டம், உள்ளே ஒன்றுமில்லை. கீழே "தாய்மாமன் தளவானூர் கோவிந்தன்" என்று பெயர் மட்டும் இருந்தது.

"எங்கண்ணன் போட்டோ மட்டுந்தான் பாக்கி" என்றார் அஞ்சலை. பிறகு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே கதையைச் சொன்னார். பத்து வருடத்துக்கு முன் சுகன்யாவின் மஞ்சள் நீராட்டு விழா. அப்போதும் பேனர் வைத்தார்கள். அதில் ஏழுமலையின் சிநேகிதர்கள் அத்தனை பேரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள், தாய்மாமன் படத்தைப் போட மறந்துவிட்டார்கள். கோவிந்தன் மேளத்தோடும் சீர்வரிசைத் தட்டுகளோடும் தெருமுனை வரை வந்தவர், பேனரை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அப்படியே தட்டுகளோடு திரும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சில்லை.

"மறந்துட்டேன் மேடம். வேணும்னா செஞ்சேன்?" என்றார் ஏழுமலை.

"நீ பேசாத. ஸ்டேண்டுல டீ வாங்கிக் குடுத்தவன் போட்டோல்லாம் போட்ட. எங்கண்ணன மறந்துட்ட" என்றார் அஞ்சலை. என் பக்கம் திரும்பினார். "மூணு தபா ஆளு அனுப்புனோம்க்கா. வரமாட்டேன்னுட்டுது. இந்தத் தபா பேனர்ல அது மூஞ்சி மேல இருந்தா, யாராச்சும் போயி சொல்வாங்க, வந்துடும். போட்டோ இல்லாம வெறும் பேரு போட்டா போச்சி, பழைய கததான். மாமன் இல்லாம எம்பொண்ணு மணையில ஒக்காரணும்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. மிளகாய்க் கையால் துடைக்கப் போனவரைத் தடுத்து என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

ஏழுமலை பாட்டை அணைத்த காரணம் இப்போது புரிந்தது. மனிதர் ஒரு திட்டமும் வைத்திருந்தார். "நீங்க எப்டியும் தளவானூர் போறீங்க. டூரிஸ்ட் மாதிரி சும்மா தெருவப் புடிக்கற மாதிரி எங்க மச்சான ஒண்ணு புடிச்சிகினு வந்துடுங்க. உங்க கேமரா சின்னதா இருக்குது, அவருக்குத் தெரியாது." திருட்டுப் படம் எடுக்க மாட்டேன், கேட்டுத்தான் எடுப்பேன், முடியாது என்றால் திரும்பிவிடுவேன் என்றேன். "கேட்டா குடுக்க மாட்டாரே" என்று தலையைச் சொறிந்தார். அவர் போன், சார்ஜ் சாகப்போகிறது என்று கத்திக்கொண்டிருந்ததால், பேனர் மாதிரியை மட்டும் என் கேமராவில் ஒரு படம் பிடித்து வைத்துக்கொண்டேன். மச்சானின் முகம் எந்த அளவில் வேண்டும் என்று தெரிய வேண்டுமே.

செஞ்சி கடைவீதியில் மதியச் சாப்பாடு நூறு ரூபாய். ஒன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். தளவானூர் பதினாறு கிலோமீட்டர் சொச்சம். இருபுறமும் வயல், நடுநடுவே கரும்பு, சாலை பரவாயில்லை. ஊர் நெருங்கியதும் ஏழுமலை துண்டை எடுத்துத் தலையோடு முகத்தைச் சுற்றிக்கொண்டார். சின்ன மீனைப் பார்த்த கொக்கு மாதிரி கழுத்தை நீட்டி நீட்டி ஓட்டினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மச்சான் வீடு பூட்டியிருந்தது. சரி, திரும்பும்போது பார்க்கலாம் என்று கோயிலுக்குப் போனோம். சத்ருமல்லேஸ்வரம் என்று பெயர். பெரிய பாறையின் தென்முகத்தைக் குடைந்து பல்லவன் செய்தது. வாசல்மேலே மகரங்களின் வாயிலிருந்து வளையும் தோரணம், இரண்டு பக்கமும் தடியூன்றிய வாயிற்காவலர்கள். கூட்டமே கிடையாது. நான் அந்தத் தோரணத்தைவிட, பாறையடியில் ஆட்டோவில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏழுமலையைத்தான் அதிகம் எடுத்தேன், அவரைக் கேட்டுத்தான்.

மூன்றேகால் இருக்கும். மொபெட்டில் புல்லுக்கட்டோடு போன ஒருவர் சட்டென்று நிறுத்தினார். ஏழுமலையின் ஆட்டோவை அடையாளம் தெரிந்திருக்கிறது.

"யோவ் ஏழுமல! நீயா? இன்னாய்யா இங்க ஒக்காந்துகினு இருக்கற?"

"சவாரிண்ணா" என்றார் ஏழுமலை, துண்டுக்குள்ளிருந்து.

"சவாரியா? அங்க உம்பொண்டாட்டி செத்துக் கெடக்குது, நீ சவாரி ஓட்டிகினு இருக்கறியா? மனுசனா நீ? உம்மச்சான் பொண்டாட்டி போட்ட கூச்சல்ல தெருவே கூடிப்போச்சி. புருசனும் பொண்டாட்டியும் அப்பவே கெளம்பிப் பூட்டாங்க."

ஏழுமலை துண்டை உருவினார். அந்த மனிதர் தன் போனை எடுத்து, சுகன்யாவின் ஸ்டேட்டஸை யாரோ எடுத்து ஊர் வாட்ஸாப் குழுவில் போட்டிருந்ததைக் காட்டினார். முதலில் அன்று காலை அவள் வைத்த மார்கழிக் கோலம், நடுவில் எரியும் ஒரே ஒரு அகல்விளக்கு. அடுத்து கறுப்பு வெள்ளையில் அஞ்சலை, நேராகப் பார்க்கிறார், சிரிப்பில்லை, தலையைச் சுற்றி வெளிச்சம். கீழே "அம்மா" என்று ஒரே ஒரு சொல்.

நம் ஊரில் சிரிக்காத முகத்தைத் தனியாக, கறுப்பு வெள்ளையில், விளக்குக்கு அடுத்ததாகப் போட்டால் யார் என்ன நினைப்பார்கள்? மேலே "கண்ணீர் அஞ்சலி" என்று எழுதாததுதான் பாக்கி. சிவந்த படங்கள் பிடிக்காமல் அந்தப் பெண் சாப்பாட்டு இடைவேளையில் நல்ல படத்தைத் தேர்ந்தெடுத்து, ஆசையாக வைத்திருக்கிறாள்.

"ஏழுமலை, இது நான் மத்தியானம் எடுத்த படம். அவங்களுக்கு ஒண்ணும் ஆகல" என்றேன். கேமராவில் அதே படத்தைக் காட்டினேன்.

"நீங்க எடுத்தப்பறம் ஏதாச்சும் ஆயிருந்தா?" என்றார். அவர் போன் செத்துக் கிடந்தது. என் போனிலிருந்து சுகன்யாவைக் கூப்பிட்டோம், எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை அலமாரியில் பூட்டிவிடுவார்களாம். அஞ்சலையின் எண்ணுக்கு மணி போய்க்கொண்டே இருந்தது. அது வீட்டில் சார்ஜில் இருக்கிறது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் யாரும் எடுக்காத மணி கேட்கக் கேட்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வந்த பதினாறு கிலோமீட்டரை ஏழுமலை எப்படித் திருப்பி ஓட்டினார் என்று எழுதினால் போக்குவரத்துக் காவலர்கள் தேடி வருவார்கள். வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தார். "காலைல கூட சண்ட போட்டனே... சட்னில உப்பில்லன்னு கத்தனனே..." நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அஞ்சலை நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டாத சாமியில்லை.

நான்கு மணிக்குக் கோட்டை வாசல். சிவப்புக் குடை இருந்தது. அதன் கீழே அஞ்சலை, ஒரு குடும்பத்துக்குக் கொய்யாவில் மிளகாய்த்தூள் தூவிக்கொண்டிருந்தார். ஏழுமலை ஆட்டோவை அணைக்காமலே இறங்கி ஓடி அவர் முன்னால் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "இன்னாயா, வெயில்ல மயக்கமா? துன்னியா இல்லியா?" என்று அஞ்சலை அவர் கையில் ஒரு வெள்ளரித் துண்டைக் கொடுத்தார். மனிதர் அதைத் தின்றுகொண்டே அழுதார்.

நடந்ததை நான் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு ஆட்டோ வந்து நின்றது. வெள்ளை வேட்டி, தோளில் பெரிய ரோஜா மாலை, கையில் ஒரு துணிக்கடைப் பை. பின்னாலேயே தலைவிரிகோலமாக ஒரு பெண். கோவிந்தனும் அவர் மனைவியும். வீடு பூட்டியிருந்ததால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேடி, அங்கேயும் இல்லை என்றதும், வியாபாரம் செய்யும் இடத்திலேயே விழுந்திருப்பாள் என்று இங்கே வந்திருக்கிறார்கள்.

அஞ்சலை கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். பத்து வருடம் கழித்து அண்ணனைப் பார்க்கிறார். "ண்ணா..." என்றார். பிறகு மாலையைப் பார்த்து, "யாருக்குண்ணா மால?" என்றார்.

கோவிந்தன் மாலையோடு அப்படியே நின்றார். அவர் மனைவி ஓடிப்போய் அஞ்சலையைக் கட்டிக்கொண்டு கன்னம், தோள், கை எல்லாம் தடவிப் பார்த்தார். கோவிந்தனுக்கு அழுகையோடு கோபமும் வந்துவிட்டது. "ஓ, இப்டி ஒரு நாடகமா? செத்துட்டன்னு சொல்லி வரவச்சிங்களா? போங்கடா, நீங்களும் உங்க கல்யாணமும்" என்று திரும்பி ஆட்டோவை நோக்கி நடந்தார். ஏழுமலை, "மச்சான், சத்தியமா இல்ல மச்சான்" என்று பின்னால் ஓடினார். அது இன்னும் கோபத்தைத்தான் கிளப்பியது.

எனக்குப் பதறிவிட்டது. பத்து வருடச் சண்டை என் படத்தால் நிரந்தரமாகிவிடும் போலிருந்தது. குறுக்கே போய் நின்றேன். "ஐயா, தப்பு என்னுடையது. படம் எடுத்தது நான். இதைப் பாருங்க" என்று கேமராவை நீட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். சிவப்பு முகத்தோடு அஞ்சலை. கறுப்பு வெள்ளையில் அஞ்சலை. அதற்கு அடுத்த படம் பேனர் மாதிரி. அதில் அவர் நின்றுவிட்டார். கேமராவைத் தன் கையில் வாங்கி, கண்ணருகே வைத்து, உச்சியிலிருந்த வெறும் வட்டத்தையும் கீழே இருந்த தன் பெயரையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"எடத்த ஏன் காலியா வுட்டுகிறீங்க?" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல்.

"நீ குடுத்தாதான போட முடியும்" என்றார் அஞ்சலை. "பத்து வருசமா மூஞ்சியக் காட்னியா?" சொல்லிக்கொண்டே அவர் கையிலிருந்த பையைப் பிடித்து இழுத்தார். "இன்னா இது?"

"ஒண்ணுமில்ல, வுடு."

அஞ்சலை விடவில்லை. உள்ளே புதுப்புடவை. பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். பத்து வருடம் பேசாதிருந்தவர், அந்த அவசரத்திலும் கடைவீதியில் இறங்கி அதை எடுத்திருக்கிறார். மாம்பழ நிறம்.

"எனக்கு இந்தக் கலரு புடிக்கும்னு இன்னும் ஞாபகம் வச்சிகினுகீற" என்றார் அஞ்சலை. நாங்கள் எல்லோருமே அழுதோம். கொய்யா வாங்க நின்ற குடும்பமும் காசு கொடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

மாலைதான் பெரிய சிக்கலாகிவிட்டது. சாவுக்கு வாங்கியதைச் சாமிக்குப் போட முடியாது, வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, உயிரோடு இருப்பவர் பக்கத்தில் வைக்கவும் ஆகாது. கோவிந்தன் அதைக் கையைத் தள்ளிப் பிடித்தபடி, எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மதிலிலிருந்து ஒரு பெரிய குரங்கு இறங்கி வந்து, மாலையை அப்படியே பிடுங்கிக்கொண்டு ஏறிவிட்டது. ஒருவரும் விரட்டவில்லை. "துன்னுட்டுப் போவட்டும்" என்றார் அஞ்சலை. எனக்குத் தெரிந்து செஞ்சியில் குரங்கு பிடுங்கி எல்லோரும் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

பேனர் அடிப்பவர் காத்திருப்பார் என்பது ஏழுமலைக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. நான் கோவிந்தனிடம் முறையாகக் கேட்டேன். சரி என்றார். "இருங்க, மூஞ்சி கழுவிகினு வரேன்" என்று போகப் பார்த்தவரை அஞ்சலை சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "வேணா. இப்டியே எடுக்கா." நிழலில் நிறுத்தி, வண்ணத்துக்கு மாற்றிவிட்டேனா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, எடுத்தேன். அஞ்சலையையும் அங்கேயே நிறுத்தி எடுத்தேன். இந்த முறை அவருக்குச் சிரிப்பை விழுங்க முடியவில்லை.

ஐந்தரைக்கு சுகன்யா கூப்பிட்டாள். போனைத் திறந்ததும் அத்தனை பேர் இரங்கல் சொல்லியிருப்பதைப் பார்த்து அவளே ஒரு நிமிடம் அம்மா போய்விட்டதாக நம்பிவிட்டாளாம். "நைனா எங்கக்கா? நைனாவுக்குத் தெரியுமா?" என்று அப்பாவை நினைத்து ஒரே அழுகை. அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். "அடிப்பாவி, என்னிய உசுரோட பொதச்சிட்டியேடி" என்று ஆரம்பித்து அஞ்சலை விட்ட திட்டை இங்கே எழுத முடியாது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வெயில் காலத்தில் ராஜகிரியை நினைக்காதீர்கள், மார்கழி தை மாதங்கள்தான் சரி. தண்ணீர் ஒன்றரை லிட்டராவது வேண்டும், மேலே கிடைக்காது. தலையில் பூ, கையில் பாலிதீன் பை இரண்டும் குரங்குக்கு அழைப்பு. தளவானூருக்கு செஞ்சியிலிருந்து டவுன் பஸ் உண்டு, ஆனால் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். நேரம் இருந்தால் வடக்கே சீயமங்கலம் குடைவரையையும் சேர்க்கலாம், அதற்கு இன்னொரு நாள் வேண்டும். கேமராவுக்கு மாற்று பேட்டரி அவசியம். யாருடைய படத்தை அனுப்பினாலும் முகம் சிரிக்கிற மாதிரி ஒன்றை முதலில் அனுப்புங்கள். கறுப்பு வெள்ளை மட்டும் வேண்டவே வேண்டாம். கலை என்று நாம் நினைப்பதைப் பார்த்து யாரோ மாலை வாங்கக் கிளம்பிவிடுவார்கள்.

தை மாதம் சுகன்யா எனக்குப் பேனரின் படத்தை அனுப்பினாள். எல்லோரும் பல் தெரியக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். உச்சி வட்டத்தில் மட்டும், மாப்பிள்ளையின் அப்பாவைவிடப் பெரிதாக, வீங்கிய கண்ணும் சிவந்த மூக்குமாக ஒரு தாய்மாமன். வேறு நல்ல படம் கொடுக்கிறேன் என்று அவர் மன்றாடியும் அஞ்சலை கேட்கவில்லையாம். சாவுக்கென்று எடுத்த மாம்பழப் புடவையைத் திருப்பி வாங்கக் கடைக்காரர் முதலில் முறைத்திருக்கிறார். பிறகு கல்யாணச் சீரையே அந்தக் கடையில் எடுத்ததும் முகம் மலர்ந்துவிட்டதாம்.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். அன்று மாலை பஸ் ஏறுவதற்குமுன், அழித்துவிடட்டுமா என்று அஞ்சலையிடம் கேட்டேன். கேமராவை வாங்கிப் பார்த்தார். சற்றுத் தள்ளி அவர் அண்ணன், ஏழுமலையின் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார். அஞ்சலை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அழிக்காதக்கா. நல்லா வந்துகிது. நெஜமா போற அன்னிக்கு இதையே வச்சிக்கலாம். அன்னிக்காச்சும் எங்கண்ணன் வருமா, வராதான்னு பத்து வருசமா பயந்துகினு இருந்தேன். இப்ப தெரிஞ்சிபோச்சி, இல்ல?"